சுவர் இருந்தால்தான் சித்திரம்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, இத்தனை அலுவல்களுக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசிய பேராசிரியர் அவர்களே, நாற்காலியும் ஒலிபெருக்கியும் தந்து உதவிய வணிகர் சங்கப் பெரியவர்களே, இடமில்லாமல் கடைசியில் நின்றுகொண்டே கேட்கும் மாணவத் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம். ஒரு நூலகத்தில் இசையைப் பற்றிப் பேச இடம் கொடுத்த வாசகர் வட்டத்துக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கிலேய இசைக்குழு 1979 நவம்பர் 30 அன்று வெளியிட்ட ‘தி வால்’, அதாவது ‘சுவர்’ என்ற ஆல்பத்தைப் பற்றி இன்று மூன்று விஷயங்கள் பேசப்போகிறேன். தகப்பன், சுவர், விசாரணை. 26 பாட்டு, இரண்டு இசைத்தட்டு, ஏறத்தாழ 80 நிமிடம். அத்தனையும் ஒரே மனிதனின் கதை. நான் எந்த மேடையிலும் சொல்கிற பழமொழியையே இங்கும் சொல்கிறேன்: சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். பாட்டுகள் சித்திரம் என்றால் அவற்றின் வரிசைதான் சுவர்.

முதலில் தகப்பன். பெரும்பாலான பாட்டுகளை எழுதிய ரோஜர் வாட்டர்ஸ் பிறந்தது 1943 செப்டம்பரில். அவர் தகப்பனார் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் 1944 பிப்ரவரியில் கொல்லப்பட்டார். குழந்தைக்கு அப்போது ஐந்து மாதம். ஆல்பத்தின் நாயகனான பாடகன் பிங்க்கும் தகப்பனைப் போரில் பறிகொடுத்த பிள்ளைதான். அந்த இழப்பு முதல் செங்கல். அப்புறம் மூச்சுத் திணறும்படி பொத்திப் பொத்தி வளர்க்கும் தாய், வகுப்பில் அவமானப்படுத்தும் வாத்தியார், கைவிட்டுப் போகும் மனைவி. ஒவ்வொரு காயமும் ஒரு செங்கல். பள்ளிக்கூடத்தை எதிர்த்துக் குழந்தைகள் பாடும் பாட்டு நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது மூன்று பகுதிகளில் நடுப்பகுதி. அதே மெட்டு தகப்பனின் சாவுக்குப் பின் அடங்கிய குரலில் வருகிறது. மனைவி போன பிறகு வெறியோடு வருகிறது. நடுவில் உள்ளதை மட்டும் கேட்டவருக்கு அது குறும்புப் பாட்டு. மூன்றையும் வரிசையாகக் கேட்டவருக்கு ஒரு மனம் படிப்படியாக இறுகிப் போவது தெரியும்.

இனி சுவர். இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், தலைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1977 ஜூலை 6, கனடாவின் மான்ட்ரியல் நகரம். ஒலிம்பிக் மைதானம் நிறைந்த கூட்டம். நீண்ட சுற்றுப்பயணத்தின் கடைசி நாள். குழுவினர் களைத்திருக்கிறார்கள். கீழே ஒரே கூச்சல். மெல்லிய பாட்டு ஒன்று போகும்போது பட்டாசு வெடிக்கிறார்கள். வாட்டர்ஸ் பாட்டை நிறுத்திவிட்டு, அமைதியாக இருங்கள் என்று கேட்கிறார். யார் கேட்டார்கள்? மேடைக்கு அருகே ஒரு இளைஞன், ரசிகன்தான், பைத்தியமாக நேசிக்கிற ரசிகன், விடாமல் கத்திக்கொண்டே இருக்கிறான். வாட்டர்ஸ் அவனைக் கிட்டே வரவிட்டு, முகத்தில் துப்பிவிட்டார். ஆமாம், துப்பிவிட்டார்! கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் மனம் வெறுத்துப்போய்க் கடைசிப் பாட்டுக்கு மேடை ஏறவே இல்லை. பிறகு வாட்டர்ஸுக்கே தன்னை நினைத்து அதிர்ச்சி. காசு கொடுத்து நம்மைக் கேட்க வந்தவனை இப்படிச் செய்துவிட்டோமே, நமக்கும் இவர்களுக்கும் நடுவில் ஒரு சுவரே நிற்கிறதே என்று யோசித்தார். அந்த யோசனையிலிருந்து பிறந்ததுதான் இந்த ஆல்பம்.

1980-இல் அதை மேடையேற்றியபோது உண்மையாகவே சுவர் கட்டினார்கள். பாட்டு நடக்க நடக்க ஆட்கள் வந்து அட்டைச் செங்கற்களை அடுக்கினார்கள். இடைவேளையில் 40 அடிச் சுவர் முழுமையாக நின்றது. குழுவினர் அதன் பின்னால் மறைந்துவிட்டார்கள். ஓவியர் ஜெரால்ட் ஸ்கார்ஃபின் அசையும் படங்களை அந்தச் சுவர்மேல்தான் ஓட்டினார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இசைத்தட்டிலும் அப்படித்தான். முதல் தட்டின் முடிவில் பிங்க் உலகத்திடம் விடைபெறுகிறான், சுவர் மூடிவிட்டது. கேட்பவர் எழுந்து போய் அடுத்த தட்டை வைக்கிறார். முதலில் கேட்பது சுவருக்கு உள்ளிருந்து ஒருவன் வெளியே இருப்பவர்களைக் கூப்பிடும் குரல். அந்தப் பாட்டு முதலில் வேறிடத்தில் இருந்தது. கடைசி நேரத்தில் இங்கே மாற்றினார்கள். வரிகள் அச்சிட்ட உறையில் பழைய வரிசையே தங்கிவிட்டது. இடம் மாறியதும் கதைக்கே உயிர் வந்துவிட்டது.

மருத்துவர் ஊசி போடும் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கில்மோரின் கிட்டாருக்காக உலகமே கொண்டாடுகிறது, சரி. ஆனால் கதையில் அது என்ன? உணர்வு மரத்துப்போன மனிதனை மருந்தேற்றி மேடைக்குத் தள்ளும் இடம். அடுத்து மேடையில் நிற்பவன் பாடகன் இல்லை, கூட்டத்தைத் தரம் பிரித்து விரட்டச் சொல்லும் சர்வாதிகாரி. அவ்வளவு அழகான இசை நம்மை அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. தனியாகக் கேட்டால் இந்தப் பயங்கரம் எப்படித் தெரியும்?

கடைசிப் பாட்டின் முடிவில் ஒரு குரல் பேசத் தொடங்கிப் பாதி வாக்கியத்தில் அறுந்துபோகிறது. மீதி வாக்கியம் எங்கே தெரியுமா? ஆல்பத்தின் முதல் நொடியில்! அதே மெல்லிய மெட்டோடு. விசாரணையின் முடிவில் இடித்த சுவர் திரும்பவும் எழும்பப்போகிறது. இதை விடுதலைக் கதை என்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இது துயரக் கதை. அந்தத் துயரம் இருப்பதே முடிவும் தொடக்கமும் சேருகிற இடத்தில்.

இப்போது செயலிகள் பாட்டுகளைக் கலைத்துப் போட்டு நம் காதில் ஊற்றுகின்றன. 2021-இல் பாடகி அடெல் கேட்டுக்கொண்ட பிறகு, ஆல்பம் பக்கத்தில் முதலில் நின்ற கலைத்துப் போடும் பொத்தானை ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலி மாற்றியது. ஒரு கலைஞர் வாய் திறந்து கேட்டதால் நடந்தது. நாமும் கேட்போம். சுவரை இடித்துவிட்டுச் சித்திரத்தை மட்டும் கையில் கொடுத்தால் வாங்க மாட்டோம் என்று சொல்வோம்.

விசாரணைக் காட்சிக்கு நேரமில்லை என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அதைவிட முக்கியமான கோரிக்கை ஒன்று இருக்கிறது. நூலக அலுவலர் அவர்களே, மாடியில் பழைய நாளிதழ் அடுக்கிய அறை பூட்டியே கிடக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் அதை எங்களுக்குத் திறந்துவிடுங்கள். ஒரு ஆல்பம், முதலிலிருந்து கடைசி வரை, கைப்பேசியை அணைத்துவிட்டு, நாங்கள் சேர்ந்து கேட்கிறோம். ஒலிபெருக்கி என் பொறுப்பு. மனு எழுதி வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறேன். போகும்போது எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.