விடுமுறையை வாங்கித் தந்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் மகனோ மகளோ இருக்கும் வீடுகளில் ஜனவரி மாதம் போனில் இந்தப் பேச்சு வரும்: "பொங்கலுக்கெல்லாம் இங்கே லீவு ஏதும்மா? திங்கட்கிழமைதான் லீவு." அந்தத் திங்கட்கிழமை, அமெரிக்கக் கறுப்பினத்தாரின் சம உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் நாள். கிங் பிறந்தது 1929 ஜனவரி 15, அட்லாண்டா நகரில். விடுமுறை மட்டும் ஜனவரியின் மூன்றாவது திங்கட்கிழமைக்கு என்று சட்டம் வைத்துவிட்டது. நான் சில காலம் அட்லாண்டாவில் வேலை பார்த்தவன் என்பதால், அந்த விழாவைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள்.

காலையில், கிங் போதகராக இருந்த எபெனேசர் தேவாலயத்தில் வழிபாடு. அப்புறம் ஊர்வலம். பீச்ட்ரீ தெருப் பக்கம் கிளம்பி, அவர் பிறந்த வீடு இருக்கும் ஆபர்ன் அவென்யூவுக்கு வரும். குளிரில் காது மடல் விறைத்துப் போகும். பள்ளிக்கூட பேண்டு பிள்ளைகள் விரல் நுனி வெட்டிய கையுறையோடு டிரம்பெட் வாசித்துக்கொண்டு போவார்கள். தேவாலயத்துப் பாட்டிமார் பூ வைத்த தொப்பியோடு வருவார்கள். தொழிற்சங்கக்காரர்கள் ஒரே நிறச் சட்டை. முன்வரிசையில் அரசியல்வாதிகள், அது எந்த ஊரிலும் மாறாது போலிருக்கிறது. ஊர்வலத்தில் சிலர் கையில் வெள்ளை அட்டை ஒன்று இருக்கும். அதில் ஒரே வரி: "நான் ஒரு மனிதன்."

அந்த அட்டையின் கதையைச் சொல்லாமல் இந்த விழாவைப் பற்றிப் பேச முடியாது.

1968 பிப்ரவரி 1. டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரம். நல்ல மழை. குப்பை லாரியில் வேலை செய்த எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள், ஒதுங்க வேறு இடமில்லாமல் லாரியின் பின்பக்கம் ஏறி நின்றார்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் திடீரென்று ஓடத் தொடங்கி இருவரையும் உள்ளே இழுத்துக்கொண்டது. பழைய லாரி, பழுது என்று ஏற்கெனவே புகார் போயிருந்தது. அடுத்த சில நாளில் 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஓட்டை விழுந்த குப்பைத் தொட்டியைத் தலையிலும் தோளிலும் சுமந்து, அழுகல் நீர் சட்டைக்குள் வழிய வேலை செய்தவர்கள் அவர்கள். முழுநேரம் உழைத்தும் அரசின் உதவிப் பணத்தை எதிர்பார்க்க வேண்டிய அளவுக்குத்தான் பலருக்குக் கூலி. தொப்பி போட்ட பெரியவர்களும் இளைஞர்களுமாக அந்த அட்டையை மாட்டிக்கொண்டு, துப்பாக்கி ஏந்திய காவல்படைக்கு எதிரே வரிசையாக நடந்தார்கள்.

அவர்களுக்காகத்தான் கிங் மெம்பிஸ் வந்தார். ஏப்ரல் 4 மாலை, தங்கியிருந்த விடுதியின் மாடி வராந்தாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 39. ஏப்ரல் 16 அன்று நகராட்சி இறங்கிவந்து, சங்கத்தை ஒப்புக்கொண்டு, கூலியை உயர்த்தியது.

ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் ஓடுவது 1963-ஆம் ஆண்டு வாஷிங்டன் பேச்சுதான். "எனக்கு ஒரு கனவு உண்டு" என்று அதில் வரும் பகுதி எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. யாருக்கும் அதனால் செலவில்லை. அந்தப் பேரணியின் பெயரே வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி என்பதைச் சொல்லிவிட்டு ஒளிபரப்பினால் தேவலை.

அவர் இறந்த நான்காம் நாளே ஜான் கான்யர்ஸ் என்ற உறுப்பினர் விடுமுறைக்கான மசோதாவை நாடாளுமன்றத்தில் வைத்தார். அது கிடப்பில் கிடந்தது. ஆனால் ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் வேலை செய்தவர்கள் காத்திருக்கவில்லை. சம்பள ஒப்பந்தம் பேசும்போதே கிங் பிறந்தநாளுக்கு விடுமுறை வேண்டும் என்று சங்கங்கள் கேட்டு, சில இடங்களில் வாங்கியும் விட்டன. 1979-ல் மசோதா ஐந்து ஓட்டில் தோற்றது. அரசு ஊழியருக்கு இன்னொரு நாள் சம்பளத்தோடு விடுப்பா, எவ்வளவு செலவு என்பது எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. விடுமுறை கேட்டுப் பாடகர் ஸ்டீவி வொண்டர் ஒரு பிறந்தநாள் பாட்டுப் போட்டார். இன்றைக்குக் கறுப்பினத்தார் வீடுகளில் குழந்தை கேக் வெட்டும்போது பாடுவது பெரும்பாலும் அந்த மெட்டுத்தான். கிங்கின் மனைவி கொரெட்டா ஊர் ஊராக அலைந்தார். 60 லட்சம் கையெழுத்து சேர்ந்தது. 1983 நவம்பரில் அதிபர் ரீகன் சட்டத்தில் கையெழுத்திட்டார். முதல் விழா 1986-ல்.

அதோடு முடிந்ததா? அரிசோனா மாநிலத்தில் 1990-ல் மக்கள் வாக்கெடுப்பில் விடுமுறையைத் தோற்கடித்தார்கள். அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டி அங்கே நடப்பதாக இருந்தது. அதைக் கலிபோர்னியாவுக்கு மாற்றிவிட்டார்கள். கையைவிட்டுப் போன வருமானம் புரிந்ததோ என்னவோ, 1992-ல் அதே மக்கள் ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள்.

1994-ல் இன்னொரு சட்டம் வந்தது. அன்று வீட்டில் படுத்துக்கிடக்காமல் ஊருக்கு ஏதாவது வேலை செய்யுங்கள் என்றது. அதன்படி பூங்காவைக் கூட்டுவார்கள், பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள், உணவுப் பொட்டலம் கட்டுவார்கள். நல்ல காரியம்தான். ஆனால் சம்பளம் வாங்கிக் குப்பை அள்ளியவர்களின் உரிமைக்காக உயிர்விட்டவருக்கு, ஒரு நாள் இலவசமாகக் குப்பை அள்ளி மரியாதை செய்வதோடு நின்றுவிட்டால் பாதிதான் செய்ததாகும் என்று எனக்குப் படுகிறது. கடைகளில் அன்று மெத்தைக்குத் தள்ளுபடி உண்டு. அதைப் பற்றிப் பேசாமல் விடுகிறேன்.

அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் அந்தத் திங்கட்கிழமைக்கு அரசுப் பட்டியலில் இரண்டு பெயர். ஒன்று கிங். இன்னொன்று ராபர்ட் ஈ. லீ, உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க நின்ற தென் மாநிலங்களின் படைத்தளபதி. அவரும் ஜனவரியில்தான் பிறந்தார், 19-ஆம் தேதி. பேருந்தில் கறுப்பினத்தாரைத் தனியே பிரித்து உட்காரவைத்ததை எதிர்த்து, கிங் தலைமையில் 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பு நடந்த மாண்ட்கோமரிதான் அலபாமாவின் தலைநகர்; அங்கேயும் இதே கதைதான். ஆர்கன்சாஸ் மாநிலமும் இப்படி வைத்திருந்து 2017-ல் பிரித்துவிட்டது. மற்ற இரண்டிலும் பிரிக்கக் கேட்டு மசோதாக்கள் வந்திருக்கின்றன. இன்னும் எதுவும் நிறைவேறவில்லை.

வணக்கம்.