சட்டைப் பையைத் தைத்த அத்தை

(புகைப்பதை விடுவது பற்றிய கூட்டத்தில் பேசியதை, கேட்டவர்கள் விரும்பியதால் எழுதித் தருகிறேன். பேசிய போக்கிலேயே விட்டிருக்கிறேன்.)

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அழகாகப் பேசி அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் திறந்துவிட்ட செயலாளர் ஐயா அவர்களே, நாற்காலி போட்டதிலிருந்து மைக் கட்டியது வரை ஓடியாடிய தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

செயலாளர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் ஆரம்பித்தால் எனக்கு மனசு ஆறாது. போன மாதம் இந்த மண்டபத்தைக் கேட்டு வந்தபோது, பின்வாசல் படியில் மணல் நிரப்பிய ஒரு பெரிய சாம்பல் தொட்டி இருந்தது. கூட்டம் முடிந்து வெளியே வருகிற எவருக்கும் முதலில் கண்ணில் படுவது அதுதான். விட்டு நாலு நாள் ஆனவன் அதைப் பார்த்தால் என்ன ஆவான் என்று கேட்டேன். ஐயா மறுபேச்சு பேசவில்லை. இன்று அந்த இடத்தில் ஒரு பெஞ்சும் குடிதண்ணீரும் இருக்கின்றன, வெளியே போகும்போது பாருங்கள். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். ஒரு வடத்தை அவர் பிடித்துவிட்டார்.

இன்று நாலு விஷயம் பேசுவதாக ஒத்துக்கொண்டு வந்திருக்கிறேன். நிக்கோடின் உடம்புக்குள் என்ன செய்கிறது, குறைத்தால் போதுமா அடியோடு விட வேண்டுமா, மின் சிகரெட் பற்றி, நாலாவதாக விடுகிறவர் பக்கத்தில் யார் நிற்பது.

முதல் விஷயம். ஒரு இழுப்பு இழுத்தால் பத்து இருபது விநாடியில் நிக்கோடின் மூளைக்குப் போய்விடும். ரத்தத்தில் சேர்ந்த நிக்கோடினில் பாதி, ஏறக்குறைய 2 மணி நேரத்தில் கரைந்துபோகும். கரையக் கரைய உள்ளே ஒரு அரிப்பு, எரிச்சல், கை எதையோ தேடும். அடுத்ததைப் பற்றவைத்தால் அடங்கும். அடங்கியதும் "சிகரெட் பிடித்தால்தான் எனக்கு மனசு அமைதியாகிறது" என்கிறோம். அந்தப் படபடப்பைக் கொடுத்ததே முந்தைய சிகரெட்தான். நாள் முழுக்க அது கடன் கொடுத்துக் கடன் வசூலிக்கிறது. அதனால் விட முடியாதவரை "மனவுறுதி இல்லாத ஆள்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நிக்கோடின் அடிமைப்படுத்தும் பொருள் என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கையே 1988இல் சொல்லிவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் நாம் பிடிக்கிறவரைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

திட்டுவதைப் பற்றிப் பேச்சு வந்ததால் என் மாமா கதையைச் சொல்லிவிடுகிறேன். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன், அவரும் இங்கேதான் இருக்கிறார்.

மாமா முப்பது வருடம் புகைத்தவர். சட்டையின் இடது பையில் பாக்கெட், அதன்மேல் தீப்பெட்டி. நடந்தால் தீப்பெட்டி கிலுகிலுவென்று சத்தம் கேட்கும், அதை வைத்தே மாமா வருகிறார் என்று சின்ன வயதில் தெரிந்துகொள்வோம். ஐந்து தடவை விட்டார். ஐந்து தடவையும் யாருக்கும் சொல்லாமல் விட்டார், யாருக்கும் தெரியாமல் திரும்பப் பிடித்தார். ஆறாவது தடவை, மாடிப்படியில் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்த அன்று, முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார், "என்னால தனியா முடியல" என்று.

அத்தை அழவில்லை, அறிவுரை சொல்லவில்லை. பீரோவைத் திறந்து மாமாவின் சட்டைகள் அத்தனையையும் கட்டிலில் போட்டு, ஒவ்வொன்றின் பை வாயையும் தைத்து மூடினார். நீலச் சட்டைக்கு நீல நூல், வெள்ளைக்கு வெள்ளை. மறுநாள் காலையிலிருந்து மாமாவின் கை தானாகப் பைக்குப் போகும், உள்ளே நுழையாது, துணியைத் தடவிவிட்டு நிற்கும். அப்போதுதான் "ஒரு நாளைக்கு எத்தனை தடவை என் கை எனக்குத் தெரியாம போயிருக்குன்னு புரிஞ்சுதுடா" என்றார் என்னிடம்.

எனக்கு அவர் கொடுத்த வேலை போனை எடுப்பது. அந்த வேட்கை வந்தால் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் உச்சத்தில் இருக்கும், தாண்டிவிட்டால் இறங்கிவிடும் என்று எங்கோ படித்ததை அவரிடம் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டார். ராத்திரி பதினொரு மணிக்கு போன் வரும். "டேய், மூணு நிமிஷம் பேசு." என்ன பேசுவது? பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது, மழை, என் மகளின் கணக்குப் பரீட்சை. நடுவிலேயே "சரி போயிடுச்சு, வைக்கிறேன்" என்று வைத்துவிடுவார். இரண்டாவது மூன்றாவது நாள்தான் ரொம்பக் கஷ்டம், ஒரே நாளில் பதினான்கு போன். காபி வழக்கம்போலக் குடித்தும் கை நடுங்கியது. அதற்குக் காரணம் பின்னால் தெரிந்தது. புகை, உடம்பு காபியை வேகமாக எரிக்கும்படி செய்து வைத்திருக்கும். புகையை விட்டதும் அதே காபி உடம்பில் அதிக நேரம் தங்கும், படபடப்பு கூடும். காபியைப் பாதியாக்கினார், நடுக்கம் குறைந்தது. இந்தச் சின்ன விஷயம் தெரியாமலே "விட்டதால்தான் உடம்பு கெட்டது" என்று திரும்பப் போனவர்கள் எத்தனை பேரோ.

பத்தொன்பதாம் நாள் அலுவலகத்தில் ஏதோ வாக்குவாதம். யாரோ நீட்டினார்கள், இரண்டு இழுப்பு இழுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து நேராகக் குளியலறைக்குப் போய்ச் சட்டையை நனைத்து வைத்தார். அத்தைக்கு வாசலிலேயே வாசனை தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. காய்ந்த சட்டையை மடிக்கும்போது பார்த்தால் பை ஓரத்தில் நாலைந்து தையல் பிரிந்திருந்தது, எப்போதோ விரல் நகத்தால் இழுத்திருக்கிறார். அத்தை ஊசியில் நூலைக் கோர்த்து அந்த நாலு தையலை மட்டும் மறுபடி போட்டு, சட்டையை அலமாரியில் வைத்துவிட்டார். மாமா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அதற்குப் பிறகு அவர் புகைக்கவில்லை, இந்த வருடத்தோடு ஒன்பது வருடம். (இந்த இடத்தில் கூட்டத்தில் வெகுநேரம் கைதட்டல். அத்தை எழுந்து நிற்க மறுத்துவிட்டார்.)

ஊர் கூடித் தேர் இழுப்பது என்றால் இதுதான். ஒருவர் தைத்தார், ஒருவர் போனை எடுத்தார், இழுத்தது அவர்.

இப்போது இரண்டாவது விஷயம், குறைப்பது. "இருபதை ஐந்தாக்கிவிட்டேன்" என்று பெருமையாகச் சொல்கிறவர்களை நான் சோர்வடையச் செய்ய விரும்பவில்லை, அது முதல் படி. ஆனால் அங்கேயே உட்கார்ந்துவிடக் கூடாது. எண்ணிக்கை குறைந்தால் இழுப்பு ஆழமாகும், நுனிவரை பிடிப்போம். உடம்பு தன் பங்கு நிக்கோடினை எப்படியாவது வாங்கிக்கொள்ளும். இதயத்தைப் பொறுத்தவரை இன்னும் மோசம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வெளிவந்த கணக்கு ஒன்று உண்டு. நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும், 20 பிடிப்பவருக்கு வரும் கூடுதல் இதயநோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது என்கிறது அது. இருபதில் ஒரு பங்கு இல்லை, பாதி! 2016இல் பிரிட்டனில் ஏறக்குறைய 700 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு நாளைக் குறித்து அன்றோடு நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் நாலு வாரம் கழித்தும் புகைக்காமல் இருந்தார்கள், படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம். ஆனால் இரண்டு குழுவுக்குமே செவிலியரின் ஆலோசனையும் நிக்கோடின் மாற்று மருந்தும் கிடைத்தன. யாருடைய துணையும் இல்லாமல் விட முயல்பவர்களில் ஜெயிப்பது 4 சதவீதம் முயற்சிகள்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் நாலாவது விஷயம் இதற்குள்ளேயே வந்துவிட்டது பாருங்கள்.

அந்த மருந்து இருக்கிறதே, தோலில் ஒட்டும் பட்டையும் சூயிங்கமும், அவற்றைத் தெரிந்தவர் சொல்லித்தராவிட்டால் வீண். நிக்கோடின் சூயிங்கத்தைச் சாதாரணமாக மென்றுகொண்டே இருந்தால் வயிற்றுக்குள் போய்க் குமட்டும். சுள்ளென்று காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும், காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். மாமா முதல் நாள் குமட்டித் தூக்கி எறிந்தார். மருந்து கொடுத்த இடத்தில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

அதனால்தான் தலைமை மருத்துவர் அம்மாவிடம் இந்த மேடையிலேயே கேட்கிறேன், தவறாக நினைக்கக் கூடாது. உங்களிடம் பல்வலி என்று வந்தாலும் கால்வலி என்று வந்தாலும் ஒவ்வொருவரிடமும் "புகைக்கிறீங்களா? விட உதவி வேணுமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் இதற்கென்று ஒரு கதவைத் திறந்து வையுங்கள். பட்டையும் சூயிங்கமும் காசில்லாமல் கிடைக்கட்டும். புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. 2005இல் நடைமுறைக்கு வந்த உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் 14ஆம் பிரிவு, விட நினைப்பவருக்கு உதவி செய்யச் சொல்கிறது. பாக்கெட்டில் படம் போட்டு பயமுறுத்த நமக்குக் கை வந்தது, கையைப் பிடித்துக்கொள்ள வரவில்லை. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் அம்மா, பெரிய வடம் உங்கள் கையில் இருக்கிறது.

வயசாகிவிட்டது, இனி விட்டு என்ன என்பவர்களுக்கு ஒன்று. பிரிட்டனில் ரிச்சர்ட் டால் என்பவர் 1951இல் மருத்துவர்களையே ஆய்வுக்கு எடுத்தார். புகைத்த அவரும் நுரையீரல் புற்றுநோய் ஆராய்ச்சியின் நடுவில் தன் சிகரெட்டை விட்டவர். ஐம்பது ஆண்டுக் கணக்கு 2004இல் வந்தது. விடாமல் புகைத்தவர்கள் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழந்தார்கள். 30 வயதில் விட்டவர் கிட்டத்தட்ட அத்தனையையும் மீட்டார், 40இல் விட்டவர் 9 ஆண்டு, 50இல் 6, அறுபதில்கூட 3 ஆண்டு.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். மின் சிகரெட்டைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன், அதற்குத் தனிக் கூட்டமே வேண்டும்.

பின்பக்க மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. ஒரு பக்கம் விடப்போகிறவர் பெயர், எதிரே மூன்று வாரம் போனை எடுக்கப்போகிறவர் பெயர். நோட்டோடு உட்கார்ந்திருப்பவர் என் மாமா. துணைக்கு யாரும் இல்லை என்று சொன்னால், எதிர்ப்பக்கத்தில் தன் பெயரை எழுதிக்கொள்வார்.