ஊதாத விசிலையும் திரையில் பாருங்கள்

மன்றத்தின் நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

நம் மன்றத்திலும் நடுவர் இருக்கிறார், கூடைப்பந்து ஆடுகளத்திலும் நடுவர் இருக்கிறார். குழப்பம் வேண்டாம் என்பதால், ஆடுகளத்தில் விசில் வைத்திருப்பவரை நான் ரெஃப்ரி என்றே சொல்லப்போகிறேன்.

"என்பிஏ ஆட்டத்தில் கடைசிச் சொல் ரெஃப்ரியின் விசிலுக்கா, ரீப்ளே திரைக்கா?" என்பது இன்றைய தலைப்பு. என்பிஏ என்பது அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்துப் போட்டித் தொடர். ரீப்ளே என்பது நடந்ததைத் திரையில் திரும்ப ஓட்டிப் பார்ப்பது. விசிலுக்கே என்று பேசி அமர்ந்த அண்ணன், "மனிதர் ஆடும் ஆட்டத்தை மனிதர்தான் தீர்க்க வேண்டும், தவறும் ஆட்டத்தில் ஒரு பங்குதான்" என்றார். நல்ல கைதட்டல் கிடைத்தது. அண்ணே, ஒரே ஒரு ஆட்டத்தை உங்கள் முன் வைக்கிறேன், பாருங்கள்.

2023 ஜனவரி 28, பாஸ்டன். நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. லேக்கர்ஸ் 105, செல்டிக்ஸ் 105. கடைசி நொடிகள். லேக்கர்ஸின் லெப்ரான் ஜேம்ஸ் கூடையை நோக்கிப் பாய்ந்து பந்தை ஏற்றுகிறார். செல்டிக்ஸின் ஜேசன் டேட்டத்தின் கை அவர் கையில் விழுகிறது. அது ஃபவுல், விதிமீறல். வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அது தெரிந்தது. விசில் வரவில்லை. லெப்ரான் தரையில் மண்டியிட்டுவிட்டார். ஆட்டம் ஓவர்டைமுக்கு, அதாவது கூடுதல் நேரத்துக்குப் போய், செல்டிக்ஸ் 125-121 என்று வென்றது.

என் மனத்தை இன்னும் அறுப்பது அதற்கு நடுவே நடந்தது. லேக்கர்ஸ் வீரர் பேட்ரிக் பெவர்லி, ஓரத்தில் இருந்த புகைப்படக்காரரின் கேமராவையே எடுத்துக்கொண்டு ரெஃப்ரியிடம் போய், "இதோ பாருங்கள்" என்று காட்டினார். அவருக்குக் கிடைத்தது டெக்னிக்கல் ஃபவுல், அதாவது நடத்தைக்கான தண்டனை. கேமராவைத் தூக்கிக்கொண்டு போவது முறையில்லை, சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவருக்கு வேறு என்ன வழி இருந்தது? ஆட்டம் முடிந்ததும் ரெஃப்ரி குழுவின் தலைவரே அது ஃபவுல்தான் என்று சொன்னார். இந்தத் தவறு எங்களைத் தூங்கவிடாது என்று ரெஃப்ரிகள் சங்கமும் மறுநாள் வருந்தி எழுதியது. தவறு ஆட்டத்தில் ஒரு பங்கு என்றால் அவர்கள் ஏன் தூங்காமல் தவிக்க வேண்டும்? அந்த மனிதர்களுக்காகவும்தான் நான் பேசுகிறேன்.

இங்கே விதியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2019-20 சீசனிலிருந்து கோச்சுக்குச் சேலஞ்ச் என்ற உரிமை உண்டு. தன் ஆள்மேல் ரெஃப்ரி ஃபவுல் ஊதினால், அது தவறு என்று நினைக்கும் கோச் டைம்-அவுட், அதாவது ஆட்டத்தைச் சற்று நிறுத்தும் வாய்ப்பைக் கேட்டு, திரையில் பார்க்கச் சொல்லலாம். தோற்றால் டைம்-அவுட் போய்விடும். வென்றால், 2023-24 முதல், இன்னொரு சேலஞ்சும் கிடைக்கும். நல்ல விதி. ஆனால் அந்த வாசல் திறக்க முதலில் விசில் ஒலித்திருக்க வேண்டும். ரெஃப்ரி ஊதியது தவறென்றால் முறையிடலாம். ஊதாமல் விட்டது தவறென்றால், அதை மட்டும் சொல்லி முறையிட இடமே இல்லை.

மனுநீதிச் சோழன் அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணி கட்டியிருந்தான் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கன்றைப் பறிகொடுத்த பசு வந்து கயிற்றை இழுத்தது. அதற்கு முன்னால் அந்த வழக்கில் யாரும் ஒரு தீர்ப்பும் சொல்லியிருக்கவில்லை. யாருமே கவனிக்காமல் போனதால்தான் பசு மணியடிக்க வந்தது! "ஏற்கெனவே தீர்ப்பு வந்திருந்தால் மட்டும் மணியை அடி" என்று சோழன் சொல்லியிருந்தால் அந்த மணி எதற்கு? என்பிஏ கட்டியிருப்பது அப்படிப்பட்ட மணி.

ரீப்ளே வந்த கதையையும் எதிரணி நினைத்துப் பார்க்க வேண்டும். 2002 மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் நான்காவது ஆட்டம், லேக்கர்ஸும் சாக்ரமெண்டோ கிங்ஸும். முதல் பாதி முடியும்போது லேக்கர்ஸின் சமாக்கி வாக்கர் நடுக்கோட்டுப் பக்கமிருந்து எறிந்த பந்து கூடையில் விழுந்தது. நேரம் தீர்ந்தபோது பந்து இன்னும் அவர் கையில்தான் இருந்தது. மூன்று புள்ளி கொடுத்துவிட்டார்கள். லேக்கர்ஸ் எத்தனை புள்ளியில் வென்றது? ஒன்று. 100-99. அடுத்த சீசனிலேயே கடைசி நொடி வீச்சுகளுக்கு ரீப்ளே வந்தது. கிங்ஸ் அதற்குப் பிறகு இன்றுவரை அந்தக் கட்டத்தை எட்டவே இல்லை. இன்றைக்கு, நேரம் முடிந்ததைச் சொல்லும் பஸ்ஸர் ஒலித்தபோது பந்து கையில் இருந்ததா என்று திரையில் பார்ப்பதை யாராவது "மனிதத்தன்மை போச்சு" என்று குறை சொல்கிறார்களா?

எதிரணித் தங்கை ஒருவர், "கோட்டைத் தாண்டியதா என்பது கணக்கு, ஃபவுல் என்பது கண்ணளவு, அதைத் திரை தீர்க்காது" என்றார். இன்று அவர்கள் அணியில் பேசியதிலேயே கூர்மையான வாதம் இதுதான். ஆனால் தங்கச்சி, ஊதிய ஃபவுலைத் திரையில் பார்த்து இல்லை என்று சொல்ல முடிகிறதே, அதுவும் கண்ணளவுதானே? அந்தக் கண்ணாலேயே ஊதாத ஃபவுலையும் பார்க்கலாம். என்பிஏவுக்கே இது புரிந்திருக்கிறது. 2024-25 முதல், பந்து வெளியே போனது யாரால் என்று சேலஞ்ச் வந்தால், அதை ஒட்டி ரெஃப்ரி விட்டுவிட்ட ஃபவுல் தெரிந்தால் அதையும் கொடுக்கலாம் என்று விதியை மாற்றினார்கள். பாதிக் கதவு திறந்தாயிற்று. மீதிப் பாதியைத் திறக்கச் சொல்கிறோம்.

நேரம் வீணாகும் என்பார்கள். நாங்கள் கேட்பது கடைசி இரண்டு நிமிடத்துக்கு மட்டும், கையில் இருக்கும் அதே சேலஞ்ச், அதே டைம்-அவுட். நியூ ஜெர்சியில் 2014 முதல் ரீப்ளே மையம் ஒன்று எல்லா ஆட்டத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. ஓடுகிற ஆட்டத்தை நிறுத்தவும் வேண்டாம், பந்து தானாக நின்றதும் பார்க்கட்டும்.

அப்புறம், 2015 முதல் என்பிஏ மறுநாள் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. நெருக்கமாக முடிந்த ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத்தில் எது சரி, எது தவறு என்று வரிவரியாக. விட்டுப்போன ஃபவுலும் அதில் இருக்கும். ஸ்கோர் மட்டும் மாறாது. மறுநாள் ஊருக்கெல்லாம் சொல்ல முடிகிற உண்மையை அந்த இரவிலேயே, அந்த ஆட்டக்காரனிடம் சொல்வதில் என்ன கஷ்டம்?

இது பழைய கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2025 ஏப்ரல் 27, டெட்ராய்ட். சீசன் முடிந்து சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப், அதன் முதல் சுற்றின் நான்காவது ஆட்டம். நிக்ஸ் 94, பிஸ்டன்ஸ் 93. கடைசி நொடியில் பிஸ்டன்ஸின் டிம் ஹார்டவே ஜூனியர் மூன்று புள்ளிக்கு எறியும்போது நிக்ஸின் ஜோஷ் ஹார்ட்டின் உடம்பு அவர்மேல் மோதுகிறது. விசில் இல்லை. பஸ்ஸர் ஒலித்துவிட்டது. நிறுத்துவதற்கு அங்கே ஆட்டமே மிச்சமில்லை, அண்ணே. திரையைத் திரும்பிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஃபவுல் கொடுத்திருக்க வேண்டும் என்று ரெஃப்ரி குழுத் தலைவர் அன்றே சொன்னார், எல்லாரும் மைதானத்தை விட்டுப் போன பிறகு. ஒரு புள்ளி பின்தங்கியிருந்த அணிக்கு வரவேண்டியது மூன்று ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காமல் எறியும் ஒவ்வொரு புள்ளி வீச்சு. அந்த மூன்றையும் ஹார்டவே எறியவே இல்லை.