பஸ் ஏறாமலே டவுனுக்குப் போன ஊர்

(கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கூப்பிடும்போதே நண்பர் சொல்லிவிட்டார்: "கிராமமெல்லாம் காலியாகுது, பட்டணம் பிதுங்கி வழியுது, அதைப் பத்திப் பேசுங்க சார்." சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆனால் நான் 2001, 2011 இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய வாத்தியார். பார்த்த வரைக்கும் எனக்கு அந்தக் கதை பாதிதான் ஒட்டுகிறது. ஒட்டாத மீதிப் பாதியைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. தமிழ்நாட்டில் 1951இல் நூற்றுக்கு 24 பேர் நகரத்தில் இருந்தார்கள். 1991இல் 34 பேர். நாற்பது வருஷத்தில் பத்துப் பேர்தான் கூடியிருக்கிறார்கள். 2001இல் பார்த்தால் 44! அந்தப் பத்தை இந்தத் தடவை பத்தே வருஷத்தில் தாண்டிவிட்டோம். கிராமத்து ஜனத்தொகை 3.68 கோடியிலிருந்து 3.49 கோடியாக இறங்கிவிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் லட்சக்கணக்கான பேர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டதாகத்தான் தோன்றும்.

போனார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1991இல் மாநிலத்தில் இருந்த நகரங்கள் 469. 2001இல் 832. நடுவில் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. பேரூராட்சிகள் நகர்ப்புற உள்ளாட்சி வரிசைக்குள் போயின. வேப்பமரத்தடியில் தாயக்கட்டம் ஆடிக்கொண்டிருந்தவர் கட்டையை உருட்டும்போது கிராமத்தான், காய் நகர்த்தும்போது நகரவாசி. ஆள் அசையவில்லை, போர்டுதான் மாறியது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2004இல் அந்தப் பேரூராட்சிகளில் பெரும்பாலானவற்றை 'சிறப்பு கிராம ஊராட்சி' என்று திரும்பக் கிராமமாக்கினார்கள். கிராமங்களுக்கென்று வருகிற மத்திய நிதி கிடைக்கட்டும் என்பதுதான் காரணம். 2006இல் ஆட்சி மாறியது, அவை மறுபடியும் பேரூராட்சி ஆயின. இரண்டு வருஷத்தில் போய்த் திரும்பிவிட்டார்கள், டிக்கெட் செலவே இல்லாமல்!

கேரளத்தில் நடந்தது இன்னும் பெரிய ஆச்சரியம். 2001இல் அங்கே நகரவாசிகள் நூற்றுக்கு 26. 2011இல் கிட்டத்தட்ட 48. கேரளம் போனவர்களுக்குத் தெரியும், எந்த ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று அங்கே சொல்லவே முடியாது. தென்னையும் வீடும் கடையும் சங்கிலி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். யாரும் எங்கும் குடிபெயரவில்லை. 'சென்சஸ் டவுன்' என்று ஒரு வகை இருக்கிறது, அதன் எண்ணிக்கை 99லிருந்து 461 ஆனது. அவ்வளவுதான்.

அதென்ன சென்சஸ் டவுன்? உள்ளாட்சிக் கணக்கில் கிராமமாகவே இருக்கும். ஆனால் மூன்று அடையாளம் இருந்தால் கணக்கெடுப்பு இலாகா அதை நகரம் என்று எழுதிக்கொள்ளும். ஐயாயிரம் பேராவது இருக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேர். வருஷத்தில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்கிற ஆண்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். ஆண்களில்! பெண்கள் செய்கிற வேலைக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. ஏன் என்று இன்றுவரை எனக்கு யாரும் உருப்படியாக ஒரு காரணம் சொன்னதில்லை.

2001 பிப்ரவரி. பல்லடம் பக்கம் ஒரு ஊர். பேர் வேண்டாம். தெருவுக்குள் நுழைந்தாலே தறிச் சத்தம் காதை அடைக்கும். ஒரு வீட்டுத் திண்ணையில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். மூன்று ஏக்கர் நிலம், கிணறு வற்றி நாலு வருஷம். மகன் பின்பக்கம் ஓட்டுச் சாய்ப்பு இறக்கி எட்டு விசைத்தறி போட்டிருந்தான். பெரியவர் பகலில் அங்கேதான் தறிக்கு நூல் தார் எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். மருமகள் அடுத்தவர் தோட்டத்துக்குக் களை எடுக்கப் போகிறாள், வீட்டில் இரண்டு எருமை அவள் பொறுப்பு.

"ஐயா, தொழில் என்னன்னு எழுதட்டும்?"

"வெவசாயமுங்க."

"கிணத்துல தண்ணியில்லைன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"தண்ணி இல்லாட்டி? நான் வெவசாயிதானுங்க வாத்தியாரே."

விதிப்படி அவருக்கு என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். தறி என்றுதான் எழுதினேன், மனசில்லாமல். அந்த வீட்டில் நிஜமாகவே மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தவள் மருமகள். ஊர் கிராமமா நகரமா என்று முடிவாகும்போது அவள் பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்கப் போவதில்லை.

பெண்கள் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 2011 கணக்கின்படி நாட்டில் பிறந்த இடத்திலோ முன்பு இருந்த இடத்திலோ இல்லாமல் வேறிடம் வந்து வாழ்கிறவர்கள் ஏறக்குறைய 45 கோடிப் பேர். படித்ததும் கண்முன் நிற்பது யார்? தோளில் பையோடு ரயிலில் தொற்றிக்கொண்டு வருகிற இளவட்டம். ஆனால் அந்த 45 கோடியில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இடம் மாறிய காரணம் கல்யாணம். கிராமத்தில் பிறந்து பக்கத்துக் கிராமத்துக்கு வாக்கப்பட்டுப் போன பெண்கள்தான் நம் நாட்டின் மிகப் பெரிய இடப்பெயர்வு. அதை இடப்பெயர்வு என்று யாரும் சொல்வதில்லை, 'கட்டிக் கொடுத்தாச்சு' என்கிறோம்.

சரி, நிஜமாகவே பிழைக்கப் போகிறவர்கள் எங்கே போகிறார்கள்? சென்னை என்பீர்கள். பழைய சென்னை மாவட்டம் 2001க்கும் 2011க்கும் நடுவில் 43 லட்சத்திலிருந்து 46 லட்சம்தான் ஆனது. பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டமோ 29 லட்சத்திலிருந்து 40 லட்சத்தை எட்டியது. வாடகை கொடுத்து நகரத்துக்குள் இருக்க முடியாதவர்களை விளிம்பு வாங்கிக்கொள்கிறது. அப்புறம் மாநகராட்சியே எல்லையைத் தள்ளிப் போட்டு அந்த விளிம்பையும் விழுங்குகிறது. 2011இல் 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை மாநகராட்சி 426 ஆனது அப்படித்தான். இதே பத்து வருஷத்தில் நீலகிரி மாவட்டத்தின் ஜனத்தொகை குறைந்தது. காலியாகிறது என்ற பேச்சு நேராகப் பொருந்துவது அந்த மாதிரி இடங்களுக்குத்தான்.

எதிர்த்திசைப் பயணத்தையும் மறந்துவிடக் கூடாது. 1942இல் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னையே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் கிளம்பியது. 2020 மார்ச் மாதம் நாலு மணி நேர அவகாசத்தில் நாடே பூட்டப்பட்டபோதும் அப்படித்தான். திருப்பூரிலிருந்து ஒடிசாவுக்கும் பீகாருக்கும் போனவர்களை நாம் கண்ணால் பார்த்தோம். பல வருஷமாகக் குறைந்துகொண்டே வந்த விவசாயத்தின் பங்கு, மொத்த வேலையில் 42.5 சதவீதமாக இருந்தது, இரண்டே வருஷத்தில் 46.5 ஆக ஏறியது. பயிர் செழித்து ஏறியதல்ல அது. போக வேறிடம் இல்லாதவர்கள் அண்ணன் தம்பியின் காட்டில் போய் நின்றார்கள். ரேஷன் கார்டையும் ஓட்டையும் ஊரிலிருந்து மாற்றாமல் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு அந்த வருஷம் பதில் தெரிந்திருக்கும்.

இப்போது ஊராட்சிகளைப் பக்கத்து மாநகராட்சியோடு சேர்க்கும் பேச்சு வந்தால் பல ஊர்க்காரர்கள் கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போடுகிறார்கள். முன்னேற்றம் பிடிக்காதவர்கள் என்று நினைக்க வேண்டாம். சேர்ந்த மறுநாள் நூறு நாள் வேலை போகும், வீட்டு வரி ஏறும். சாக்கடை எப்போது வரும் என்று யாரும் தேதி சொல்வதில்லை. அவர்கள் போடுகிற கணக்கு நம்முடையதைவிடத் துல்லியம் என்பது என் எண்ணம். சேர்க்காத சென்சஸ் டவுனில் நிலைமை இதற்கு நேர்மாறு. நூறு நாள் வேலை இருக்கும். பத்தாயிரம் பேருக்குக் குப்பை அள்ள ஒரு ஊராட்சியின் கைக்காசுதான்.

அந்தப் பல்லடம் பக்கத்து ஊருக்கே 2011லும் என்னைப் போட்டார்கள். எது சென்சஸ் டவுன் என்பதைப் பழைய 2001 கணக்கை வைத்தே முடிவு செய்திருந்தார்கள். என் கையில் இருந்த பதிவேட்டில் ஊர் பெயருக்குப் பக்கத்தில் நகரம் என்று இருந்தது. ஒரு வகையில் நான் எழுதியதும் அதில் சேர்த்தி. பெரியவர் அதே திண்ணையில் இருந்தார், கண் மட்டும் மங்கியிருந்தது. பின்பக்கம் தறி பதினாறு ஆகியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"நம்மூரு டவுனுங்களா? யாரு சொன்னா?"

"கவர்ன்மெண்டு கணக்குல அப்படித்தான் இருக்குதுங்க ஐயா."

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்படின்னா ராத்திரி எட்டு மணிக்கு மேல பஸ்ஸு விடுவாங்களா?"

கணக்கெடுக்கிறவன் நான், பஸ்ஸுக்கு என்ன பதில் சொல்வது? மருமகளைக் கூப்பிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அவள் கையெல்லாம் எருமைச் சாணி, கழுவிவிட்டு வருகிறேன் என்றாள்.