அண்ணன் ஏறியது அதிர்ஷ்டக் குதிரையா?

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இன்றைய தலைப்பு: ‘தென் கொரியப் பாடகர் சையின் கங்னம் ஸ்டைல் பாட்டு உலகத்தை ஆட்டிவைத்தது உழைப்பாலா, அதிர்ஷ்டத்தாலா?’ உழைப்பே என்று பேச வந்திருக்கிறேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார், நீங்களும் கைதட்டினீர்கள். “இல்லாத குதிரையை நாலு தடவை ஓட்டிக் காட்டினார் சை. இணையம் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இதில் என்னங்க உழைப்பு? அவர் ஏறியது அதிர்ஷ்டக் குதிரை!”

அண்ணே, அந்தக் குதிரை எந்த லாயத்திலிருந்து வந்தது தெரியுமா? அதைச் சொல்லி முடிக்காமல் நான் வேறு பேச்சுக்குப் போவதாக இல்லை.

2012. பாட்டு இருக்கிறது, ஆட்டம் இல்லை. சையும் நடன அமைப்பாளரும் உட்காருகிறார்கள். ஒரு ராத்திரி இல்லை, இரண்டு ராத்திரி இல்லை, சுமார் 30 ராத்திரி! பார்த்தவுடன் சிரிப்பு வர வேண்டும், சிரித்தவனுக்கே எழுந்து ஆடவும் தோன்ற வேண்டும். எந்த மிருகம் சரிப்படும்? பாண்டா மாதிரி ஆடிப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. கங்காரு மாதிரி குதித்துப் பார்த்தார்கள். அதுவும் சரிப்படவில்லை. நினைத்துப் பாருங்கள் நடுவர் அவர்களே, ஊர் தூங்குகிறது. 34 வயசு ஆள், இரட்டைப் பெண் குழந்தைகளுக்கு அப்பா, நடுராத்திரியில் கங்காருவாகக் குதித்துக்கொண்டிருக்கிறார்!

பாண்டா ஏன் ஆகாது? அது ஆடி அசைந்து நடக்கும் பிராணி. இந்தப் பாட்டோ நிமிடத்துக்கு 132 பீட், அதாவது 132 தாள அடி. கங்காரு ஏன் ஆகாது? இரண்டு காலையும் சேர்த்தே குதிக்க வேண்டும். அரை நிமிஷத்தில் மூச்சு வாங்கும், கல்யாண வீட்டில் பெரியப்பா எப்படி ஆடுவார்? குதிரைக்குத்தான் கால் மாற்றி மாற்றி விழும், கைக்கும் வேலை இருக்கும். 30 ராத்திரி தேடிப் பிடித்த குதிரையை அதிர்ஷ்டக் குதிரை என்கிறீர்களே அண்ணே!

சரி, ‘நாலு தடவை ஓட்டிக் காட்டினார்’ என்றீர்கள். எப்படி ஓட்டினார்? வலது, இடது, வலது, வலது. அடுத்து இடது, வலது, இடது, இடது. நாலாவதில்தான் சூட்சுமம். மூன்றாவதாக ஊன்றிய அதே காலில் இன்னொரு குதி. அப்போதுதான் அடுத்த சுற்று மற்றக் காலில் தொடங்கும். அந்த இரட்டைக் குதியை விட்டுவிட்டால் நின்ற இடத்தில் ஓடுகிற மாதிரி இருக்கும், குதிரை காணாமல் போய்விடும். ஆடிப் பார்க்கிறவர்கள் பாதிப் பேர் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

அடுத்த தப்பு, உயரம். 132 பீட் என்றால் ஒரு பீட்டுக்கு அரை நொடிகூட இல்லை. உடம்பை ஒரு சாணுக்கு மேல் தூக்கினால் தரைக்கு இறங்குவதற்குள் பீட் ஓடிப்போயிருக்கும். முழங்கால் மடங்கியே இருக்க வேண்டும், பாரம் முன்பாதத்தில், குதி சின்னதாக. கை? மணிக்கட்டு இரண்டையும் முன்னால் குறுக்கே வைத்தால் கடிவாளம். பிறகு இடக்கை நெஞ்சோடு மடங்க, வலக்கை தலைக்கு மேல் சுருக்குக் கயிறு சுழற்றும். இத்தனையும் கோட்டு, சூட்டு, கறுப்புக் கண்ணாடியோடு! அந்த செப்டம்பரில் அமெரிக்காவில் எலன் டிஜெனரஸின் டிவி நிகழ்ச்சியில் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸுக்குச் சொல்லிக்கொடுத்தபோதுகூட சை முதலில் சொன்னது இதைத்தான்: உடுத்துவது கம்பீரமாக, ஆடுவது கோமாளித்தனமாக.

பாட்டுக்கு வருகிறேன். சையும் யூ கன் ஹ்யூங்கும் சேர்ந்து போட்ட மெட்டு. பல்லவிக்கு முன்னால் தாளம் ஏறிக்கொண்டே போய் டக்கென்று நிற்கும். அந்த வெறுமையில் குரல் மட்டும், “ஓப்பன் கங்னம் ஸ்டைல்!” அதற்குப் பிறகுதான் அடி இறங்கும். அந்த இடைவெளியை அடைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள், பாட்டே சப்பென்று ஆகிவிடும். கொரிய மொழியில் ‘ஓப்பா’ என்பது பெண்கள் அண்ணனையும், மனசுக்கு நெருங்கிய மூத்த ஆணையும் கூப்பிடுகிற சொல். கங்னம் என்றால் ஆற்றுக்குத் தெற்கே. சியோலில் ஹான் ஆற்றின் தென்கரையில் உள்ள பணக்காரப் பகுதி. அதாவது, “அண்ணன் கங்னம் ஸ்டைல்!” தன்னையே ‘அண்ணன்’ என்று சொல்லிக்கொண்டு வருகிற ஆளை நமக்கா தெரியாது?

வீடியோவில் அண்ணன் கடற்கரையில் மகாராஜாவாகச் சாய்ந்திருக்கிறார் என்று நினைப்போம். கேமரா பின்னால் போகும். பார்த்தால் குழந்தைகள் விளையாடுகிற மணல் திடல்! இரண்டு பெண்களோடு கம்பீரமாக நடந்து வருவார், எதிர்க்காற்றில் குப்பை பறந்து வந்து மேலே விழும். இப்படி ஒவ்வொரு காட்சியிலும் பணக்கார வேஷம் கலைகிறது. இதை யோசிக்காமல் எடுக்க முடியுமா?

2012 ஜூலை 15-இல் வெளியானது. டிசம்பர் 21-இல் யூடியூபில் முதன்முதலாக 100 கோடி பார்வையைத் தொட்ட வீடியோ ஆனது. 2014-இல் பார்வைக் கணக்கு 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 என்ற எண்ணை, அதாவது பழைய 32-பிட் எண்ணியால் எண்ண முடிந்த கடைசி எண்ணைத் தாண்டப் போய், யூடியூப் தன் எண்ணியையே 64-பிட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஆனாலும் பாட்டுகளை வரிசைப்படுத்தும் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் ஏழு வாரம் இரண்டாம் இடம்தான்! ஏன்? அன்றைக்கு அந்தப் பட்டியலில் வானொலிக்குக் கணக்கு உண்டு, யூடியூப் பார்வைக்குக் கணக்கு இல்லை. 2013 பிப்ரவரியில்தான் சேர்த்தார்கள். அதிர்ஷ்டக்காரனுக்கு, அண்ணே, விதி முன்னாடியே மாறியிருக்கும்!

நடுவர் அவர்களே, மணி அடிக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. இன்னும் ஒரு நிமிஷம் கொடுங்கள்.

பிள்ளை சையை அவன் அப்பா அமெரிக்காவுக்கு அனுப்பியது வணிகம் படிக்க. சிப் தொழிலுக்குக் கருவி செய்கிற தன் கம்பெனியைப் பிறகு அவன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. பிள்ளை படிப்புக் காசில் கம்ப்யூட்டரும் கீபோர்டும் வாங்கினான். பட்டம் வாங்காமலேயே ஊர் திரும்பினான். 2001-இல் முதல் ஆல்பம், உள்ளடக்கம் சரியில்லை என்று அபராதம். அங்கே ஆண்களுக்கு ராணுவ சேவை கட்டாயம்; அதற்குப் பதிலாக அவன் செய்த வேலை செல்லாது என்று சொல்லி, முப்பதை நெருங்கிய வயதில், 2007 டிசம்பரில் மறுபடி ராணுவத்துக்கு அழைத்தார்கள். குழந்தைகள் பிறந்த அதே வருஷம். கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போனான். திரும்பி வந்து மறுபடி பாடினான். எந்த அப்பாவின் கம்பெனிக்கு இவன் உதவ மாட்டான் என்று ஊர் நினைத்ததோ, 2012-இல் இவன் ஆடிய ஆட்டத்தில் அந்தக் கம்பெனியின் பங்கு விலை கிடுகிடுவென்று ஏறியது. நடுவர் அவர்களே, அந்த அப்பாவின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள்!

2012 அக்டோபர் 4. சியோல் நகர மண்டபத்துக்கு முன்னால் இலவசக் கச்சேரி, சுமார் 80,000 பேர். பில்போர்டில் முதலிடம் வந்தால் சட்டையில்லாமல் ஆடுகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். வந்தது இரண்டாம் இடம். ஆடாமல் விட்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 12 வருஷமாகத் தன் பாட்டைக் கேட்ட ஜனம் ராத்திரியில் காத்து நிற்கிறது. அந்த மேடையில் அவர் சட்டையைக் கழற்றினார். வலது, இடது, வலது, வலது.

வணக்கம்.