மைக்கட்டியும் மருமகனும்

நேயர்களுக்கு வணக்கம். அழைத்த நிலையத்தாருக்கு நன்றி. சீனத்துக் குடும்பப் பட்டறைகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பீங்கான், பட்டு, அரக்கு வேலை, காற்றாடி, கத்தரிக்கோல் என்று அங்கே கைத்தொழிலுக்குக் கணக்கே இல்லை. நான் ஓவியம் வரைகிறவன். பல வருஷமாகச் சீனத்து மைக்கட்டியைக் கல்லில் உரைத்துத்தான் வரைகிறேன். ஆகவே மையில் தொடங்குகிறேன். பிறகு தாள். நேரம் இருந்தால் கத்தரிக்கோலும் களிமண் பொம்மையும்.

மை என்றதும் புட்டியில் இருக்கும் திரவம் நினைவுக்கு வரும். இது அப்படியல்ல. விரல் நீளத்தில் ஒரு கறுப்புக் கட்டி. மைக்கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டியை நிமிர்த்திப் பிடித்து, அவசரமில்லாமல் வட்டமாக உரைக்க வேண்டும். மை மெல்ல இறங்கும். எவ்வளவு உரைக்கிறோமோ அவ்வளவு கறுப்பு.

அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது? நம் வீடுகளில் பாட்டிமார் கண்மை செய்ததைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். எண்ணெய் விளக்கின் சுடருக்கு மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, படிந்த கரியைச் சுரண்டி எடுப்பார்களே, அதே வேலைதான். ஒரு விளக்குக்குப் பதில் அறை முழுக்க விளக்குகள். விளக்கெண்ணெய்க்குப் பதில் துங் மரத்துக் கொட்டையில் ஆட்டிய எண்ணெய். சுடர் ஆடினால் கரி கெட்டுவிடும் என்று கதவு சன்னலெல்லாம் அடைத்திருக்கும். உள்ளே சூடு, புகை. திரி பெரிதானால் கரி பரும்படியாக விழும். சின்னத் திரியில்தான் மாவுபோல நைஸாகப் படியும். அதனால் நல்ல மை என்றால் பொறுமையாக எரிந்த மை. இதைத் திரும்பவும் சொல்வேன், ஏனென்றால் பிறகு வருகிற எல்லாவற்றிலும் இந்தப் பொறுமைதான் இருக்கிறது.

கரியோடு வஜ்ஜிரம் சேர்க்கிறார்கள். தச்சு வேலை தெரிந்தவர்களுக்கு வஜ்ஜிரம் தெரியும், தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை. வாசனைக்குக் கஸ்தூரி, பச்சைக் கற்பூரம். விலை உயர்ந்த மையில் தங்க ரேக்குகூடச் சேரும். பிறகு சம்மட்டியால் அடி. பசை குறைவாக, அடி ஒரு லட்சம் என்று அங்கே பழைய வாக்கு. அடித்துப் பிசைந்ததை எடை போட்டு, உருட்டி, செதுக்கிய மர அச்சில் வைத்து அழுத்துவார்கள். அச்சிலிருந்து வந்த கட்டியை வெயிலில் காட்டவே கூடாது. நிழலில், புரட்டிப் புரட்டி, மாதக்கணக்கில் உலர வேண்டும். அவசரப்பட்டால் வளைந்துவிடும், வெடித்துவிடும்.

இந்த மைக்குப் பேர்போன இடம் ஹுய்ஜோ, ஆன்ஹுய் மாகாணத்தின் தெற்கே, ஹுவாங்ஷான் மலையைச் சுற்றிய பகுதி. தாங் அரசு சரிந்த காலத்தில், அதாவது 900-ஐ ஒட்டி, வடக்கே ஈஷுய் ஊரிலிருந்து ஷீ என்ற மைக்காரக் குடும்பம் போருக்குப் பயந்து தெற்கே ஓடி வந்தது. இங்கே பைன் மரம் நிறைய. அந்த நாளில் மைக்குப் பைன் விறகின் கரிதான். அந்த வீட்டுப் பிள்ளை திங்குய் செய்த மையைப் பார்த்துத் தென் தாங் அரசர் தம் சொந்தக் குடும்பப் பெயரான லீ என்பதையே அவர்களுக்குக் கொடுத்துவிட்டார். பிற்பாடு சோங் காலத்தில், தங்கம் கிடைத்தாலும் கிடைக்கும், லீ வீட்டு மை கிடைக்காது என்று பேச்சு. அந்த ஊருக்கு ஹுய்ஜோ என்ற பெயரே 1121-ல்தான் வந்தது. மை அதற்கும் மூத்தது.

நான் எங்கே போய்ப் பேசினாலும் ஒரு கேள்வி வரும்: "அதெல்லாம் பரம்பரை ரகசியமாமே? அப்பா மகனுக்கு மட்டும்தான் சொல்வாராமே?" இதற்கு எத்தனை முறை பதில் சொன்னாலும் எனக்குச் சலிப்பதில்லை. ரகசியம் இருந்தது, நிச்சயமாக. ஆனால் அந்தப் பட்டறைகளைக் காப்பாற்றியது ரகசியம் அல்ல. யோசித்துப் பாருங்கள். 1398-லேயே ஷென் ஜிசுன் என்பவர் எண்ணெய்க் கரியில் மை செய்வதை, திரியிலிருந்து அச்சு வரைக்கும், படம் போட்டுப் படிப்படியாக எழுதி வைத்துவிட்டார். வேண்டியவர்கள் படித்துக்கொள்ளலாம். படித்தவர்களெல்லாம் மைக்காரர் ஆகிவிட்டார்களா? பசை எந்தப் பதத்தில் இருக்கிறது என்று கைதான் சொல்ல வேண்டும். அந்தக் கையை யாருக்குக் கொடுப்பது? பிள்ளை இல்லாவிட்டால்? பிள்ளைக்கு மனமில்லாவிட்டால்? வெளியாளை உள்ளே சேர்த்துக்கொள்ளத் தெரிந்த வீடுதான் நின்றது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

சேர்த்துக்கொள்ளத் தெரியாமல் போன ஒரு கதை சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த கதை, கொஞ்சம் நீளும்.

மிங் காலம், பதினாறாம் நூற்றாண்டின் கடைசி. ஹுய்ஜோவின் ஷ வட்டத்தில் செங் ஜுன்ஃபாங் என்ற பெரிய மைக்காரர். அவரிடம் ஃபாங் யூலூ என்பவர் வந்து சேர்ந்தார். வறுமை, நோய் வேறு. செங் இடம் கொடுத்து, தொழிலும் சொல்லிக் கொடுத்தார். கொஞ்ச காலத்தில் ஃபாங் தனியாகக் கடை போட்டுவிட்டார். அதோடு நிற்கவில்லை. 1588-ல் தம் மைக்கட்டிகளின் வடிவங்களையெல்லாம் மரக்கட்டையில் செதுக்கி, அச்சடித்து, பெரிய படத்தொகுப்பாக வெளியிட்டார். அறிஞர்களெல்லாம் பாராட்டினார்கள். செங்குக்கு வயிறு எரியாதா? நடுவில் ஒரு கொலை வழக்கில் அவர் சிறைக்கும் போக நேர்ந்தது. அதன் பின்னால் ஃபாங்தான் இருக்கிறார் என்று கடைசிவரை நம்பினார்.

வெளியே வந்த செங் என்ன செய்தார்? அதைவிடப் பெரிய படத்தொகுப்பு ஒன்று போட்டார். 500-க்கு மேல் வடிவங்கள். சில பிரதிகளில் வண்ண அச்சு வேறு. பெய்ஜிங்கில் இருந்த இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி கொடுத்த கிறிஸ்தவப் படங்கள் நான்கைக்கூட அதில் சேர்த்தார். அதற்குள்ளே ஓநாய்ப் படம் ஒன்றையும் வைத்தார். சீனாவில் எல்லோருக்கும் தெரிந்த கதை: வேட்டைக்காரரிடமிருந்து தப்பி ஓடிவந்த ஓநாயை ஒரு படிப்பாளி தம் பைக்குள் ஒளித்துக் காப்பாற்றுகிறார், ஆபத்து நீங்கியதும் ஓநாய் அவரையே தின்னப் பார்க்கிறது. நாம் பாம்புக்குப் பால் வார்த்தேன் என்கிறோமே, அதேதான். யாரைச் சொல்கிறார் என்று பெயர் போடவே தேவையில்லை!

இது செங் பக்கத்துக் கதை என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு ஃபாங் மேலும் அனுதாபம் உண்டு. கையில் தொழில் வந்த பிறகு ஒருவரை எத்தனை நாள் தயவில் வைத்திருக்க முடியும்? இருவர் சண்டையில் நமக்குக் கிடைத்தது சீன மர அச்சுக்கலையின் மிக அழகான இரண்டு தொகுப்புகள். அதற்காக அந்தச் சண்டையை நல்லதென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு நேர் மாறாக நடந்தது இன்னொரு வீட்டில். 'ஹூ காய்வென்' என்று கடைகளில் கேட்டிருப்பீர்கள். ஓவியர்களுக்கு மனப்பாடமான பெயர். அது கடைப் பெயர். தொடங்கியவர் ஜீஷி வட்டத்து ஹூ தியென்சூ. ஷியூனிங் ஊரில் வாங் என்ற மைக்காரர் கடையில் சிறுவனாக வேலைக்குச் சேர்ந்தவர். முதலாளி இவருடைய கையைப் பார்த்தார், குணத்தைப் பார்த்தார், மகளைக் கட்டிக் கொடுத்தார். கடையும் இவர் கைக்கு வந்தது. 1765-லிருந்து அந்தக் கடைக்கு வயது கணக்கிடுகிறார்கள். ஆக, ஹூ குடும்பத்தின் பரம்பரைத் தொழில் என்று இன்று உலகம் கொண்டாடுகிறதே, அது மாமனார் வீட்டுத் தொழில். இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன்.

அடுத்த தலைமுறையில் பிள்ளைகள் பலர். பாகம் பிரிக்க வேண்டும். அங்கே ஒரு விதி வகுத்தார்கள், கேளுங்கள். குடும்பம் பிரியலாம், கடை பிரியக் கூடாது. கிளை போட்டு விற்கலாம், அங்கே மை செய்யக் கூடாது. மை செய்துதான் ஆவேன் என்றால் வேறு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். பாகப்பிரிவினையில் எத்தனை நல்ல கடைகள் நொறுங்கியிருக்கின்றன என்பது கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கும் தெரியும். அந்த விதி முழுக்க நின்றதா என்றால், இல்லை. பேரன் கொள்ளுப் பேரன்மார் ஷாங்காய் வரைக்கும் போய், பெயரோடு ஒரு எழுத்தைச் சேர்த்துக் கடை போட்டார்கள். தாய்க் கடையே 'ஷியூனிங் நகரத்து ஹூ காய்வென்' என்று ஊர்ப் பெயர் போட்டுத் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டி வந்தது. ஆனாலும் சரக்கு தாழவில்லை. 1915-ல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் இவர்களுடைய உலக உருண்டை வடிவ மைக்கட்டி தங்கப் பதக்கம் வாங்கியது.

மையிலேயே நேரம் போய்விட்டது. தாளுக்கு வருகிறேன்.

அதே ஆன்ஹுயில் ஜிங் வட்டத்தில் செய்யும் ஷுவான் தாள், தூரிகையால் வரையவும் எழுதவும். சோங் காலத்தின் முடிவில், பதிமூன்றாம் நூற்றாண்டில், ட்சாவ் என்ற குடும்பம் ஷியாவ்லிங் பள்ளத்தாக்குக்கு வந்து குடியேறியது. மலைச்சரிவு, உழ நிலமில்லை, தாள் செய்யப் பழகினார்கள். நீலச்சந்தனம் என்று அவர்கள் சொல்லும் மரத்தின் பட்டை, அதோடு நெல் வைக்கோல். இரண்டையும் சுண்ணாம்பிட்டு வேகவைத்து, மலைச்சரிவில் பரப்பி, வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் போட்டுவைப்பார்கள். வெளுப்பது வானத்தின் வேலை. மரக்கிளையிலிருந்து தாள் வரை ஒரு வருஷத்துக்கு மேலாகும்.

தாள் எடுக்கும் தொட்டியில் எதிரெதிராக இரண்டு பேர். மூங்கில் பாயை இருவரும் ஒரே மூச்சில் கூழில் முக்கித் தூக்க வேண்டும். ஒருவர் கை அரை நொடி பிந்தினால் தாள் ஒரு பக்கம் தடித்துவிடும். குளிர்காலத்திலும் அதே தண்ணீர். இந்த ஜோடி அண்ணன் தம்பியாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கை ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். 1951-ல் அந்த வட்டத்துத் தனித்தனிப் பட்டறைகள் ஒன்றுகூடின. பின்னாளில் அது அரசு ஆலையானது. குடும்பக் கடை மூடியது, கை மூடவில்லை. 2009-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் இந்தக் கைதான்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மீதியை ஓட்டமாகச் சொல்கிறேன். ஹாங்ஜோவில் 1663 முதல் நடக்கும் ஜாங் ஷியாவ்சுவான் கத்தரிக்கோல். போலிகள் பெருகியதால், தந்தை வைத்த கடைப் பெயரை எடுத்துவிட்டு மகன் தன் சொந்தப் பெயரையே போட்டார். அதற்கும் போலி வந்தது. 1956-ல் கைத்தொழில்களைக் கூட்டுறவாக்கியபோது மாவோவே அந்தக் கத்தரிக்கோலைப் பெயர் சொல்லி, பத்தாயிரம் வருஷமானாலும் ஒழிக்கக் கூடாது என்றார். இதைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன்.

தியான்ஜினில் களிமண் ஜாங் குடும்பம். மூலவர் ஜாங் மிங்ஷான், 1826-ல் பிறந்தவர். சட்டைக் கைக்குள் மண்ணை வைத்துக்கொண்டு, நாடகம் பார்த்தபடியே நடிகரின் முகத்தைப் பிடித்துவிடுவாராம். 1959-ல் அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே அரசுப் பட்டறை தொடங்கியது. குடும்பத்துக்கு வெளியே இருந்து வந்த பிள்ளைகளும் அங்கே கற்றார்கள். பெயர் யாருக்குச் சொந்தம் என்று 1990-களில் வழக்கு வந்தபோது, வாரிசுகளுக்கும் பட்டறைக்கும் பொது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பு முழுச் சம்மதம். நன்றி, வணக்கம்.