அக்கா சொன்ன பொய்

நடுவர் அவர்களே, பிள்ளையை வளர்ப்பது பெற்றோரா, கூடப்பிறந்தவர்களா என்பது தலைப்பு. சோறு போட்டது யார், கொப்பி வாங்கித் தந்தது யார் என்று எதிரணி அண்ணா கேட்டார். சரி, அம்மா அப்பாதான். பயப்படப் பழக்கியது யார்?

1973இல் ஸ்பெயினில் விக்தோர் எரிசே எடுத்த ஒரு படம், 'தேன்கூட்டின் ஆவி'. யார் யார் பார்த்தீர்கள் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். கதை நடப்பது 1940இல், உள்நாட்டுப் போர் முடிந்த மறுவருடம். அப்பா தேனீக்களோடு கிடக்கிறார், அம்மா தூரத்தில் யாருக்கோ கடிதம் எழுதுகிறார், இருவரும் பேசிக்கொள்வதே அரிது. போர் முடிந்த வீட்டில் பெரியவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்று திருகோணமலைக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள், இசபெல், அனா. ஊரில் பிராங்கன்ஸ்டைன் என்ற பூதப் படம் காட்டுகிறார்கள். அந்தப் பூதம் ஏன் சிறுமியைக் கொன்றது என்று சின்னவள் அனா இரவு படுக்கையில் கேட்கிறாள். அப்பாவிடம் இல்லை, அக்காவிடம்! அக்காவுக்கும் தெரியாது, ஆனால் தெரியாது என்று சொன்னால் அவள் என்ன அக்கா? சினிமாவில் எல்லாம் பொய், அது சாகவில்லை, அது ஒரு ஆவி, கண்ணை மூடி 'நான்தான் அனா' என்று கூப்பிட்டால் வரும் என்று அளந்துவிடுகிறாள். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் அனா படம் முழுக்கத் தேடி அலைகிறாள். அதே அக்கா, பூனை பிறாண்டிய விரலின் இரத்தத்தைக் கண்ணாடி பார்த்து உதட்டுச்சாயம்போலப் பூசிக்கொள்கிறாள், அப்புறம் செத்தவள்போலத் தரையில் கிடந்து தங்கையைப் பதறவைக்கிறாள். எந்த அம்மா இதைச் சொல்லித் தருவார்?

என் அக்காவும் லேசுப்பட்டவ இல்லை. எனக்கு ஏழு வயது, கோணேசர் கோயிலுக்குப் போயிருந்தோம். அங்கே மலைப்பாறை பிளந்து நிற்கும் இராவணன் வெட்டுப் பக்கம் நிறுத்தி, கீழே இரைவது கடல் இல்லை, இராவணன் மூச்சு, களவெடுத்த பிள்ளையை மோப்பம் பிடிப்பான் என்று சொன்னா. கோட்டைக்குள் நின்ற மான்களைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடிவந்து, அலுமாரிக்குள் இருந்த தொதலைத் தின்றது நான்தான் என்று அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அம்மா மூன்று நாள் விசாரித்தும் வராத உண்மை அது.

அக்கா முன்வரிசையில்தான் இருக்கிறா. இல்லை இல்லை என்று தலையாட்டுகிறா, பாருங்கள். அந்தத் தொதலில் பாதியைத் தின்றது அவதான்.